லினக்ஸ் மீடியா பிசியில 5.1 சவுண்ட்: ஆறு சேனலும் நிஜமா வர வைக்கறது எப்படி

பெங்களூர்ல வாடகை வீட்டு ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒரு பழைய டெஸ்க்டாப்ப வெச்சு, அதுல உபுண்டுவோ டெபியனோ போட்டு, ஒரு 5.1 ஸ்பீக்கர் செட்டும் (முன்னாடி ரெண்டு, நடுவுல சென்டர், பின்னாடி ரெண்டு, கூட ஒரு சப்வூஃபர்) வாங்கி மாட்டிட்டீங்கன்னா இது உங்களுக்குத்தான். படம் ஓடும், பாட்டு அதிரும், ஆனா வசனம் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும். இல்லன்னா பின்னாடி இருக்கற ரெண்டு ஸ்பீக்கரும் முன்னாடி வர்றதையே அப்படியே திருப்பிக் குடுத்துட்டு இருக்கும், நாமளும் அதையே சரவுண்டுன்னு நம்பிட்டு உக்காந்திருப்போம்.

நான் இதோட ரொம்பவே மல்லுக்கட்டினேன். நெட்ல கிடைக்கற குறிப்புல பாதி பல்ஸ்ஆடியோங்கற பழைய சவுண்ட் சர்வர் காலத்துது, மீதி யாரோ ஒருத்தரோட போர்டுக்கு மட்டும் பொருந்தறது. கடைசில புரிஞ்சது என்னன்னா, சத்தம் ஃபைல்ல இருந்து உங்க காதுக்கு வர்றதுக்குள்ள ப்ளேயர், பைப்வயர் (ப்ளேயர்ல இருந்து வர்ற சத்தத்த வாங்கி கார்டுக்கு அனுப்பற சவுண்ட் சர்வர்), அல்சா (லினக்ஸோட சவுண்ட் டிரைவர் அடுக்கு), கார்ட், கேபிள்னு அஞ்சு இடம் தாண்டி வருது, இதுல எந்த இடத்துல வேணும்னாலும் ஆறு சேனல் ரெண்டா சுருங்கிடும், எரர் மெசேஜ்னு ஒண்ணும் வராது. அதனால கீழ இருந்து மேல போங்க. முதல்ல கேபிள், அப்புறம் கார்ட், அப்புறம் அல்சா, அதுக்கப்புறம்தான் மத்தது. ஒரு படி சரியாச்சுன்னு உறுதியாகற வரைக்கும் அடுத்த படிய தொடாதீங்க.

ஒரு விஷயம், கட்டளை, ஃபைல் பேரு எல்லாத்தையும் உச்சரிப்புப்படி தமிழ்லதான் எழுதிருக்கேன். டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க.

1. எந்த வழின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஸ்பீக்கர் செட்டோட பின்பக்கத்த திருப்பிப் பாருங்க. மூணுல ஒண்ணு இருக்கும்.

ஒண்ணு, ஆறு சேனல் அனலாக் இன்புட். மூணு 3.5 எம்எம் ஜாக்கா இருக்கலாம், இல்ல டிவிடி ப்ளேயர் காலத்து மாதிரி சிவப்பும் வெள்ளையுமா ஆறு ஆர்சிஏ துளை இருக்கலாம். நம்ம ஊர்ல பட்ஜெட்ல கிடைக்கற செட் நிறைய இந்த ஆர்சிஏ ரகம்தான். ரெண்டாவது, ஆப்டிகல். மூணாவது, ஹெச்டிஎம்ஐ இருக்கற ஏவி ரிசீவர் இல்லன்னா சவுண்ட்பார்.

ரிசீவர் இருந்தா ஹெச்டிஎம்ஐ வழியா நேரா ரிசீவருக்கே போயிடுங்க, தனி சவுண்ட் கார்டே வேண்டாம், எட்டு சேனல் வரைக்கும் பிசிஎம்மாவே, அதாவது சுருக்காத சத்தமாவே போகும். ஆனா பிசியை டிவில மாட்டி, டிவில இருந்து ஏஆர்சி (டிவியோட சத்தத்த ஹெச்டிஎம்ஐ வயர்லயே வெளிய அனுப்பற வசதி) வழியா சவுண்ட்பாருக்கு எடுத்தீங்கன்னா சாதா ஏஆர்சில பல சேனல் பிசிஎம் போகாது, டால்பி டிஜிட்டல் மாதிரி சுருக்கின ஃபார்மட்தான் போகும். அதோட புது வடிவமான ஈஏஆர்சி இருந்தா பிரச்சனை இல்ல.

ஆப்டிகல்லயும் இதே கதைதான். அந்த வயர்ல சுருக்காத சத்தம் ரெண்டு சேனல்தான் போகும், 5.1 வேணும்னா டால்பி டிஜிட்டலாவோ டிடிஎஸ்ஸாவோ அடைச்சுத்தான் அனுப்பணும். இது தெரியாம ஆப்டிகல் மாட்டிட்டு மிக்ஸர்ல 5.1 ஆப்ஷனைத் தேடிட்டு இருந்தா கிடைக்கவே கிடைக்காது.

அனலாக் வழிதான் நிறைய பேருக்குத் தேவைப்படும், சிக்கலும் அதுலதான் ஜாஸ்தி, அதனால கீழ எழுதறது பெரும்பாலும் அதுக்குத்தான்.

2. காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி மதர்போர்டைப் பாருங்க

இத சத்தமா சொல்லணும்: டெஸ்க்டாப் போர்டா இருந்தா உங்களுக்கு புது கார்ட் தேவைப்படாமலே போகலாம். பின்னாடி அஞ்சாறு ஆடியோ ஜாக் இருந்தா பச்சை முன் ஸ்பீக்கர், கறுப்பு பின் ஸ்பீக்கர், ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும், சாம்பல் இருந்தா 7.1க்கான பக்கவாட்டு ஸ்பீக்கர். மூணே ஜாக் இருந்தாலும் கவலைப்படாதீங்க, ரியல்டெக் சிப் இருக்கற போர்டுல பெரும்பாலும் அந்த நீலத்தையும் பிங்கையும் அவுட்புட்டா மாத்திக்கலாம். அப்ப நீலம் பின் ஸ்பீக்கர் ஆயிடும், பிங்க் சென்டர்-சப் ஆயிடும். மைக் போயிடும்தான், மீடியா பிசிக்கு மைக் எதுக்கு.

போர்டோட மேனுவல் பிடிஎஃப் கம்பெனி சைட்ல கிடைக்கும், அதுல ஆடியோ ஜாக் பக்கத்துல ‘2, 4, 5.1, 7.1 சேனல்’னு ஒரு அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்த ஃபோன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க, வயரிங் பண்ணும்போது பிசி பின்னாடி தலைய விட்டுட்டு இருக்கறப்ப தேவைப்படும்.

லேப்டாப், மினி பிசி எல்லாத்துலயும் ஒத்தை ஜாக்தான் இருக்கும். அதுக்கு மட்டும் வெளில இருந்து கார்ட் வாங்கித்தான் ஆகணும்.

3. எஸ்பி ரோட்ல வாங்கறது

எஸ்பி ரோடுன்னா பெங்களூர்ல கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க வரிசையா இருக்கற தெரு. சிக்பேட் இல்லன்னா கேஆர் மார்க்கெட் மெட்ரோல இறங்கினா நடந்தே போயிடலாம். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நிறைய ஷட்டர் மூடிருக்கும். சனிக்கிழமை காலைல கடை திறந்த கையோட போயிட்டா நின்னு பேசி, டப்பாவப் பிரிச்சுப் பாத்து வாங்க முடியும், மத்தியானத்துக்கு மேல கூட்டத்துல யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஹிந்தியும் கன்னடமும் தெரிஞ்சா சௌகரியம், தமிழ்ல கேட்டாலும் கதை நடக்கும்.

இங்க இருக்கற பெரிய பொறி இதுதான்: பென்டிரைவ் சைஸ்ல ஒரு யூஎஸ்பி சமாச்சாரம், மேல பெருசா ‘7.1 சேனல்’னு அச்சடிச்சிருக்கும், எரநூறு முன்னூறு ரூபாய்க்குள்ள குடுத்துடுவாங்க. அதுல ஒரு ஹெட்ஃபோன் ஓட்டை, ஒரு மைக் ஓட்டை, அவ்வளவுதான். அது ஸ்டீரியோ கார்ட். அந்த 7.1 விண்டோஸ்ல டிரைவர் போட்டு ஹெட்ஃபோன்ல காட்டற வித்தை, லினக்ஸ்ல அதுவும் கிடையாது. ஓட்டைய எண்ணுங்க. 5.1க்கு ஸ்பீக்கருக்குன்னே மூணு தனி ஜாக் இருக்கணும், 7.1க்கு நாலு. எண்ணிக்கை வரலன்னா கடைக்காரர் என்ன சத்தியம் பண்ணாலும் வாங்காதீங்க.

நிஜமான ஆறு இல்ல எட்டு சேனல் யூஎஸ்பி பெட்டி தீப்பெட்டிய விடப் பெருசா, ஒரு பக்கம் வரிசையா ஜாக்கோட இருக்கும். அதுல சி-மீடியாவோட சிஎம்6206 சிப் போட்டது நிறைய வருது, அது லினக்ஸ்ல தனி டிரைவர் எதுவும் இல்லாமலே ஓடும், ஏன்னா யூஎஸ்பி ஆடியோ டிரைவர் கெர்னல்லயே இருக்கு. ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்தைந்நூறு வரைக்கும் சொல்வாங்க. டெஸ்க்டாப்ல ஸ்லாட் காலியா இருந்தா கிரியேட்டிவ் ஆடிஜி எஃப்எக்ஸ் மாதிரி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட் ஒரு வழி, விலை இன்னும் ஏறும். எதுவா இருந்தாலும் மாடல் பேரு ஒண்ணா இருந்தும் வெர்ஷன் மாறினா உள்ள சிப்பும் மாறிடும், டப்பால எழுதிருக்கற முழு மாடல் நம்பரையும் லினக்ஸ்ங்கற வார்த்தையோட சேத்து அங்கயே நின்னு ஃபோன்ல தேடிப் பாத்துட்டு காசக் குடுங்க.

பில் விஷயத்துல கறாரா இருங்க. ‘பில் இல்லாம வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி மிச்சம் சார்’னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. ஜிஎஸ்டி பில், அதுல சீரியல் நம்பர், கடை முத்திரை, மூணும் இல்லன்னா வாரன்டிக்குப் போகும்போது கைய விரிச்சிடுவாங்க. மாத்திக் குடுக்கறதுக்கு எத்தன நாள்னு கேட்டு அத பில் மேலயே எழுதி வாங்கிக்கோங்க. டப்பாவத் தூக்கிப் போடாதீங்க.

கேபிளையும் அதே நடையில முடிச்சிடுங்க. ஸ்பீக்கர் செட் ஆர்சிஏ ரகம்னா 3.5 எம்எம்ல இருந்து ரெண்டு ஆர்சிஏவா பிரியற கேபிள் மூணு வேணும். மூணும் ஒரே நீளமா, முடிஞ்சா தலைப்பு நிறம் வேற வேறயா வாங்குங்க. பின் ஸ்பீக்கருக்கு செட்ல வர்ற வயர் நம்ம ஹாலுக்குப் பத்தாது, ரெண்டு கோர் ஸ்பீக்கர் வயர் மீட்டர் கணக்குல கிடைக்கும், சுவரோரமா சுத்திப் போகற தூரத்த வீட்லயே டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க. நேர்த் தூரத்த அளந்தா கண்டிப்பா பத்தாமப் போகும்.

4. வயரிங்

வாடகை வீட்ல சுவர்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டுடுங்க. காலி பண்ணும்போது பெயின்டிங்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகைய எப்படியும் புடிப்பாங்க, அதுக்கு மேல ஓட்டைக் கணக்கும் சேர வேண்டாம். தரையோர டைல்ஸ் மேல ஒட்டற கிளிப்பும் டேப்பும் போதும்.

ஸ்பீக்கர் வயர்ல ஒரு கோர்ல கோடோ எழுத்தோ இருக்கும், அத எல்லா ஸ்பீக்கர்லயும் சிவப்புலயே மாட்டுங்க. ஒண்ணு மட்டும் தலைகீழா போச்சுன்னா சத்தம் வரும், ஆனா பேஸ் செத்துப் போயி ஒரு மாதிரி பரவலா கேக்கும், எங்க தப்புன்னே பிடிபடாது.

முன் ரெண்டும் நீங்க உக்கார்ற இடத்துல இருந்து நடுவுக்கு ரெண்டு பக்கமும் 30 டிகிரி, பின் ரெண்டும் சுமார் 110 டிகிரி, அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால, பக்கவாட்டுல. சோஃபா சுவர ஒட்டி இருந்தா பின் ஸ்பீக்கர தலைக்கு நேர் பின்னாடி வைக்காம ரெண்டு பக்கமும் தள்ளி வைங்க.

‘உம்ம்ம்’னு ஒரு இரைச்சல் வந்தா, பிசி, டிவி, ஸ்பீக்கர் மூணையும் எர்த் ஒழுங்கா இருக்கற ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டிப் பாருங்க, பாதிக்கு மேல அதுலயே நின்னுடும். செட்டாப் பாக்ஸோட கேபிளைக் கழட்டினதும் நின்னா காரணம் அந்த வயர்தான்.

5. லினக்ஸ் கார்டைப் பாக்குதா

டெபியன், உபுண்டுல இந்த மூணையும் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ பண்ணிக்கோங்க: அல்சா-யூடில்ஸ், பாவுகன்ட்ரோல் (சவுண்ட் செட்டிங் மாத்தற ஆப்), அல்சா-டூல்ஸ்-ஜியூஐ. கடைசிது ரியல்டெக் போர்டுக்கு மட்டும் தேவைப்படும்.

டெர்மினல்ல ‘ஏபிளே -எல்’ அடிங்க, எல் சின்ன எழுத்து. கார்ட் 0, கார்ட் 1னு பட்டியல் வரும். அதுல ஹெச்டிஎம்ஐன்னு வர்றது கிராபிக்ஸோடது, அனலாக்னு வர்றது போர்டோடது, யூஎஸ்பி ஆடியோன்னு வர்றது நீங்க வாங்கினது. உங்க கார்டோட நம்பரையும் டிவைஸ் நம்பரையும் குறிச்சுக்கோங்க.

யூஎஸ்பி கார்ட் பட்டியல்லயே வரலன்னா ஹப்ல மாட்டாம பிசி பின்னாடி இருக்கற போர்ட்ல நேரா மாட்டுங்க.

இந்த நம்பர் நிரந்தரம் இல்ல. ரீபூட் பண்ணா 0 ஒண்ணாகலாம், ஒண்ணு 0 ஆகலாம். டெஸ்ட்டுக்கு நம்பர் போதும், ஆனா எந்த கான்ஃபிக் ஃபைல்லயும் நம்பரைப் போட்டு வைக்காதீங்க, பட்டியல்ல கார்ட் நம்பருக்குப் பக்கத்துல வர்ற பேரைப் போடுங்க. நேத்து வந்த சத்தம் இன்னைக்குக் காணோம்னு புலம்பறவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

6. அல்சாமிக்ஸர்

‘அல்சாமிக்ஸர்’னு அடிச்சா நிறப்பட்டையா ஒரு திரை வரும். முதல் வேலை எஃப்6 அமுக்கி உங்க கார்டைத் தேர்ந்தெடுக்கறது, இல்லன்னா பைப்வயரோட ஒரே ஒரு பட்டைதான் காட்டும், அதுல ஒண்ணும் பண்ண முடியாது.

கார்டைத் தேர்ந்தெடுத்ததும் ஃப்ரன்ட், சரவுண்ட், சென்டர், எல்எஃப்இன்னு தனித்தனிப் பட்டை தெரியணும், எல்எஃப்இங்கறது சப்வூஃபரோட சேனல். பட்டைக்குக் கீழ இருக்கற சின்னக் கட்டத்துல ‘எம்எம்’னு இருந்தா மியூட், ‘ஓஓ’ன்னு இருந்தா திறந்திருக்கு. எம் அமுக்கினா மாறும். சென்டரும் எல்எஃப்இயும் புது இன்ஸ்டால்ல மியூட்லயோ பூஜ்யத்துலயோ இருக்கறது ரொம்ப சகஜம். சினிமா மிக்ஸ்ல வசனம் பெரும்பாலும் சென்டர் சேனல்லதான் இருக்கும், அந்த ஒரு கட்டம் எம்எம்ல இருந்தா படம் பூரா பாட்டும் பின்னணி இசையும்தான் கேக்கும்.

மூணு ஜாக் போர்டுன்னா வலது பக்கமா நகந்து போங்க, ‘சேனல் மோட்’னு ஒண்ணு இருக்கும், அத மேல் அம்புக்குறியால 2ல இருந்து 6 சேனலுக்கு மாத்துங்க. அந்த நிமிஷமே நீலமும் பிங்கும் அவுட்புட் ஆயிடும். ‘ஆட்டோ-மியூட் மோட்’னு இருந்தா டிசேபிள் பண்ணுங்க, கேபினட்டோட முன் ஜாக்ல யாராவது ஹெட்ஃபோன் சொருகினா பின்னாடி மொத்தமும் ஊமையாகறது அதனாலதான்.

சேனல் மோடே காணோம்னா அல்சா-டூல்ஸ்-ஜியூஐயோட வந்த ‘ஹெச்டிஏஜாக்ரீடாஸ்க்’ திறங்க. ஜாக் ஒவ்வொண்ணும் நிறத்தோட வரிசையா தெரியும். நீலத்துக்கு ஓவர்ரைடு டிக் பண்ணி லைன் அவுட் பேக், பிங்க்குக்கு லைன் அவுட் சென்டர்-எல்எஃப்இன்னு தேர்ந்தெடுத்து, ‘இன்ஸ்டால் பூட் ஓவர்ரைடு’ அமுக்கி ரீபூட் பண்ணுங்க. ஒத்து வரலன்னா அதே திரையில ரிமூவ் பட்டன் இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல.

எல்லாம் சரியானதும் ‘சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்’ அடிச்சு சேவ் பண்ணிடுங்க.

7. ஸ்பீக்கர்-டெஸ்ட், பகல்லயே

பின் ஸ்பீக்கரும் சப்பும் டெஸ்ட் பண்றது ராத்திரி பத்து மணிக்கு மேல வேண்டாம், பக்கத்து ஃப்ளாட்ல கதவத் தட்டுவாங்க. வால்யூமைப் பாதிக்குக் கீழ வெச்சுட்டு இதை அடிங்க:

‘ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்ஹெச்டபிள்யூ:1,0 -சி 6 -டி வேவ்’

முதல் ‘டி’ டில்லில வர்ற டி, அதுவும் பெரிய எழுத்து. கடைசி ‘டி’ டீக்கடைல வர்ற டி, சின்ன எழுத்து. வேவ்ங்கறது டபிள்யூ, ஏ, வி மூணே எழுத்து, கடைசில ஈ கிடையாது. 1,0க்கு பதிலா நீங்க குறிச்ச கார்ட் நம்பர், டிவைஸ் நம்பர். ஒரு குரல் ‘ஃப்ரன்ட் லெஃப்ட்’னு சொல்லும், அடுத்து சென்டர், ஃப்ரன்ட் ரைட், ரியர் ரைட், ரியர் லெஃப்ட்னு உங்கள ஒரு சுத்து சுத்தி வரும். சப்வூஃபருக்கு மட்டும் பேச்சு வராது, இரைச்சல்தான் வரும். நிறுத்த கன்ட்ரோல்-சி. ‘பிஸி’ன்னு எரர் வந்தா ப்ரவுசர், ப்ளேயர் எல்லாத்தையும் மூடிட்டு சில வினாடி கழிச்சு திரும்ப அடிங்க.

எழுந்து போயி ஒவ்வொரு ஸ்பீக்கர் பக்கத்துலயும் காத வெச்சுக் கேளுங்க, சோஃபால உக்காந்து கேட்டா ஏமாந்துடுவீங்க. கூட ஒருத்தர் இருந்தா சட்டுனு முடியும்.

‘சென்டர்’ங்கற குரல் சப்வூஃபர்ல குழறலா வந்து, இரைச்சல் சென்டர்ல வருதா? சென்டரும் சப்பும் ஒரே ஜாக்கோட ரெண்டு பக்கம், சில செட்ல அத மாத்தி வயர் பண்ணிருப்பாங்க. ஆர்சிஏ கேபிள்னா சிவப்பையும் வெள்ளையையும் மாத்திச் சொருகினா வேலை முடிஞ்சது, சாஃப்ட்வேர்ல கைய வைக்கவே தேவையில்ல. ‘ரியர்’னு சொல்லும்போது முன்னாடி வந்தா ஜாக் மாறிருக்கு. இடது வலது மாறி வந்தா ஸ்பீக்கர் வயர் மாறிருக்கு.

ஸ்பீக்கர் செட்ல ரிமோட் இருந்தா அதையும் பாருங்க. ஆக்ஸ், புளூடூத், ஆறு சேனல்னு இன்புட் மாத்தற பட்டன் இருக்கும், ஆக்ஸ்ல இருந்தா உள்ள வர்ற ரெண்டு சேனலையே ஆறு ஸ்பீக்கர்லயும் பரப்பிடும்.

இந்தப் படி முழுசா சரியாகாம எட்டாவதுக்குப் போகவே போகாதீங்க.

8. பைப்வயர்

உபுண்டு 22.10ல இருந்து டீஃபால்ட் பைப்வயர்தான், ஃபெடோரால 34ல இருந்தே. உங்களுதுல எதுன்னு பாக்க ‘பிஏசிடிஎல் இன்ஃபோ’ அடிங்க, சர்வர் பேருல பைப்வயர்னு வரும். பல்ஸ்ஆடியோன்னு மட்டும் வந்தாலும் கீழ சொல்ற பாவுகன்ட்ரோல் வேலை ஒண்ணுதான்.

பாவுகன்ட்ரோல் திறந்து கடைசி டேப் கான்ஃபிகரேஷன் போங்க. உங்க கார்டுக்கு நேரா ப்ரொஃபைல் பட்டியல்ல ‘அனலாக் சரவுண்ட் 5.1 அவுட்புட்’ தேர்ந்தெடுங்க. கார்ட் எத்தன நல்லதா இருந்தாலும் டீஃபால்ட்டா ஸ்டீரியோ ப்ரொஃபைல்லதான் பெரும்பாலும் உக்காந்திருக்கும், நிறைய பேரோட பிரச்சனை இந்த ஒரே இடத்துல தீந்துடும். மைக் தேவையில்லாதவங்க ‘இன்புட்’ சேந்து வர்ற ப்ரொஃபைலைத் தவிர்த்துடுங்க. தேவையில்லாத ஹெச்டிஎம்ஐ கார்டை ஆஃப்ல போட்டுட்டா டிவிய ஆன் பண்ணும்போதெல்லாம் சத்தம் அங்க ஓடறதும் நின்னுடும்.

அப்புறம் ‘பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ்’ அடிச்சா உங்க கார்ட் வரியில ‘6சிஹெச் 48000’னு வரணும். 2ன்னு வந்தா ப்ரொஃபைல் இன்னும் மாறல.

9. கோடி

கோடிங்கற மீடியா ப்ளேயரத் திறந்து செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ போங்க. கீழ் இடது மூலைல பேசிக்னோ ஸ்டாண்டர்ட்னோ இருக்கறத எக்ஸ்பர்ட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா பாதி ஆப்ஷன் கண்ணுலயே படாது.

அனலாக்னா: அவுட்புட் டிவைஸ்ல உங்க கார்ட், நம்பர் ஆஃப் சேனல்ஸ் 5.1, பாஸ்த்ரூ ஆஃப். பாஸ்த்ரூ ஆன்ல இருந்தா டால்பி சத்தத்த பிரிக்காமலே கார்டுக்கு அனுப்பப் பாக்கும், அனலாக் கார்டுக்கு அது உதவாது.

ஆப்டிகல்னா இதுக்கு நேர் எதிர்: சேனல்ஸ் 2.0, பாஸ்த்ரூ ஆன், ஏசி3 (டால்பி டிஜிட்டல்தான்) டிக், ரிசீவருக்குத் தெரிஞ்சா டிடிஎஸ்ஸும் டிக். ‘ஆப்டிகல்ல 5.1தானே வேணும், அப்ப 5.1னு போடுவோம்’னு தோணும், போட்டா கெட்டுது. ஏஏசில 5.1 இருக்கற ஃபைலுக்கு டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதையும் ஆன் பண்ணா கோடியே ஏசி3யா அடைச்சு அனுப்பும். பைப்வயர் வழியா போறவங்க பாவுகன்ட்ரோல்ல அவுட்புட் டிவைசஸ் டேப்ல அந்த டிஜிட்டல் அவுட்புட்டுக்குக் கீழ ஏசி3, டிடிஎஸ் டிக் பண்ணிருக்கான்னும் பாருங்க.

இப்ப நிஜப் பரீட்சை. 5.1 இருக்கற ஒரு டிவிடி இல்ல ஃபைல ஓட விட்டுட்டு, இன்னொரு டெர்மினல்ல இதை அடிங்க:

‘கேட் /ப்ராக்/அசவுண்ட்/கார்ட்1/பிசிஎம்0பி/சப்0/ஹெச்டபிள்யூ_பேரம்ஸ்’

கார்ட்1, பிசிஎம்0ல இருக்கற நம்பருக்கு பதிலா உங்க கார்ட் நம்பர், டிவைஸ் நம்பர். அனலாக் வழில ‘சேனல்ஸ்: 6’, ‘ரேட்: 48000’னு வரணும். இது கெர்னல் சொல்ற பதில், கார்டுக்கு உள்ள அந்த நொடில எத்தன சேனல் போயிட்டு இருக்குன்னு. 2ன்னு வந்தா மேல எங்கயோ சுருங்கிடுச்சு. ‘க்ளோஸ்ட்’னு வந்தா சத்தம் வேற கார்டுக்குப் போகுது, இல்ல டிவைஸ் நம்பர் வேற. காத மட்டும் நம்பாதீங்க. செட்டிங் எத மாத்தினாலும் இத ஒருதடவை பாத்துடுங்க.

ஃபைல்லயே ஆறு சேனல் இருக்கான்னு பாக்க கோடில படம் ஓடும்போது ஓ அமுக்குங்க, இல்ல மீடியாஇன்ஃபோ போட்டுப் பாருங்க. நிறைய ஃபைல் ஸ்டீரியோதான். லினக்ஸ் ப்ரவுசர்ல ஓடிடி பாக்கும்போதும் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும், அதுக்காக கார்டைப் போட்டு நோண்டாதீங்க.

10. ஸ்டீரியோ பாட்டுக்கு சப்வூஃபர் வேலை செய்யல

இது கோளாறு இல்ல. ஆறு சேனல் இன்புட்ல பல பட்ஜெட் செட் சப்வூஃபருக்குத் தனியா வர்ற சேனலை மட்டும்தான் குடுக்கும், ஸ்டீரியோ பாட்டுல அந்த சேனலே கிடையாது. இளையராஜா பாட்டு போட்டா பேஸ் கிட்டார் தேஞ்சு கேக்கறதுக்குக் காரணம் இதுதான்.

ரெண்டு சேனலை ஆறாப் பரப்பறதுக்கு அப்மிக்ஸ்னு பேரு, பைப்வயரே இதுக்கு ஒரு ஃபைல் தயாரா வெச்சிருக்கு. /யூஎஸ்ஆர்/ஷேர்/பைப்வயர் உள்ள ‘க்ளையன்ட்.கான்ஃப்.அவைல்’, ‘பைப்வயர்-பல்ஸ்.கான்ஃப்.அவைல்’னு ரெண்டு ஃபோல்டர், ரெண்டுலயும் ‘20-அப்மிக்ஸ்.கான்ஃப்’ இருக்கும். அத /இடிசி/பைப்வயர்/ உள்ள அதே பேருல ‘அவைல்’க்கு பதிலா ‘டி’ன்னு (டில்லி டி) முடியற ஃபோல்டர் உண்டாக்கி காப்பி பண்ணிட்டு, லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. இதுல எல்எஃப்இ கட்ஆஃப் 150 ஹெர்ட்ஸ்னு இருக்கும், சப் ரொம்ப இரைஞ்சா 100க்கோ 80க்கோ இறக்குங்க.

எனக்குப் பாட்ட ஆறு ஸ்பீக்கர்லயும் பரப்பறது பிடிக்காது, சப் மட்டும் சேந்தா போதும்னு நினைப்பேன். அதனால பின் ஸ்பீக்கர் வால்யூமை ரிமோட்ல குறைச்சு வெச்சுட்டுக் கேக்கறேன். கோடில ஸ்டீரியோ அப்மிக்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, ரெண்டையும் சேத்து ஆன் பண்ணாதீங்க.

11. முதல் வார்த்தை முழுங்குது, ‘டப்’னு சத்தம் வருது

கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா கார்ட் தூங்கப் போயிடும், எழுப்பும்போதுதான் இந்த ரெண்டும். போர்டு கார்டுன்னா /இடிசி/மாட்ப்ரோப்.டி/ உள்ள ஒரு கான்ஃப் ஃபைல்ல ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0’ன்னு ஒரு வரி போட்டு ரீபூட். யூஎஸ்பி கார்டுக்கு இந்த வரி பொருந்தாது.

அதுக்கும் அடங்கலன்னா, பைப்வயர் கூடவே ஓடி டிவைஸைப் பாத்துக்கற வயர்ப்ளம்பர் அஞ்சு வினாடில டிவைஸை சஸ்பெண்ட் பண்றத நிறுத்தணும், ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ங்கறத 0 ஆக்கணும். இங்கதான் கவனம்: வயர்ப்ளம்பர் 0.4 வரைக்கும் கான்ஃபிக் லுவாங்கற மொழியோட ஃபைல்ல எழுதணும், 0.5ல இருந்து அந்த லுவா கான்ஃபிக்க ஏத்துக்கவே ஏத்துக்காது, கான்ஃப் ஃபைல்தான். ‘வயர்ப்ளம்பர் --வெர்ஷன்’ பாத்துட்டு அதுக்கேத்த உதாரணத்தத் தேடுங்க. உபுண்டு 24.04ல 0.4, டெபியன் 13ல 0.5. கோடி மட்டும்தான் ஓட்டறீங்கன்னா இவ்வளவு தூரம் போகவே வேண்டாம், அதுலயே ‘கீப் ஆடியோ டிவைஸ் அலைவ்’ ஆல்வேஸ்னு வெச்சா போதும்.

12. அப்கிரேடுக்கு முன்னாடி

எல்லாம் ஓடறப்பவே அல்சாமிக்ஸர் திரை, பாவுகன்ட்ரோல் கான்ஃபிகரேஷன், கோடி ஆடியோ பக்கம் மூணையும் ஃபோன்ல படம் எடுத்துடுங்க. /இடிசி/பைப்வயர், /இடிசி/மாட்ப்ரோப்.டி ரெண்டையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி, பில்லோட ஸ்கேனும் அதுலயே போட்டுடுங்க. பெரிய அப்கிரேடு வந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் படம் பாக்க உக்காரும்போது பண்ணாதீங்க. பண்ணி முடிச்சதும் நேரா ஆறாவது படிக்குப் போயி சென்டர் கட்டத்துல எம்எம்னு திரும்பிருக்கான்னு பாத்துட்டு, ஸ்பீக்கர்-டெஸ்ட்ட ஒரு சுத்து ஓட விட்டுடுங்க.